பைலிங் குழியில் (அடித்தளத் தூணுக்காக ஆழமாகத் துளைக்கும் குழி) சுவர் சரியாமலிருக்கக் குழம்பாக ஊற்றும் பென்டோனைட் எப்படி உருவாகிறது? எல்லா பென்டோனைட்டும் ஒன்றா?

எரிமலைச் சாம்பல் கடலிலோ ஏரியிலோ படிந்து, நீரோடு நெடுங்காலம் வினைபுரிந்து மாறிய களிமண்தான் பென்டோனைட். இதில் மேலோங்கியிருக்கும் கனிமம் மான்ட்மோரிலோனைட். அமெரிக்காவின் வயோமிங் படிவுகள் பெயர்பெற்றவை. நம் நாட்டில் குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பார்மர் பகுதிகளில் கிடைக்கிறது.

எல்லாம் ஒன்றல்ல. கனிமத்தின் மெல்லிய தகடுகளுக்கிடையே சோடியம் இருந்தால் தண்ணீரை இழுத்துப் பல மடங்கு உப்பும். கால்சியம் இருந்தால் கொஞ்சம்தான். கால்சிய வகையில் சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) கலந்து சோடிய வகையாக மாற்றியும் விற்கிறார்கள். வார்ப்படச் சாலையில் மணலைப் பிணைக்கவும், எண்ணெயை நிறம் நீக்கவும் (அமிலத்தில் பதப்படுத்திய கால்சிய வகை), எர்த்திங் குழிக்கும் இது போகிறது.

பைலிங்குக்குச் சோடிய வகைதான் வேண்டும். ஒரு கன மீட்டர் தண்ணீருக்குச் சுமார் 40 முதல் 60 கிலோ. வேகமாகச் சுழலும் மிக்சரில் தூளைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மூட்டையை அப்படியே கவிழ்த்தால் கட்டிகட்டியாகி உள்ளே தூள் நனையாமலே கிடக்கும். பிறகு ஓர் இரவாவது ஊறட்டும். அவசரத்தில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள், குழிச்சுவர் சரிய அதுவும் ஒரு காரணம். உப்புத் தண்ணீரிலும் சரியாக உப்பாது. சிமென்ட் கலந்தால் கூழாகக் கெட்டியாகிவிடும்.

குழம்பு எவ்வளவு கெட்டி என்று பார்க்க மார்ஷ் புனல் என்ற அளவுப் புனலில் ஊற்றி, வடியும் நேரத்தைக் கணக்கிடுவார்கள். அதில் 946 மி.லி. வடிய வெறும் தண்ணீருக்கு 26 விநாடி. நல்ல குழம்புக்கு 30க்கு மேல் வரவேண்டும்.