பேச்சுப் பதிவுக்கு எந்தக் கருவி வாங்கலாம்? – கேள்வி பதில்

கேள்வி (ஆய்வு மாணவி, திருநெல்வேலி): கிராமத்து முதியவர்களின் வாய்மொழிக் கதைகளைப் பதிவு செய்யப் போகிறேன். எந்த ரெக்கார்டர் நல்லது?

பதில்: ரெக்கார்டரைப் பிறகு பார்ப்போம், மைக் வாயிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. தூரம் இரு மடங்கானால் நேராக வந்து சேரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலியோ அந்த அளவுக்குக் குறையாது. ஆகவே, இரண்டு மீட்டர் தள்ளி வைத்த விலையுயர்ந்த கருவியைவிட, முகவாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டிய சாதாரண காலர் மைக் தெளிவாகப் பதிவு செய்யும். மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது என்பதால், உங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஜூம் எச்1என், டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் ஆகிய கையடக்க ரெக்கார்டர்கள் இரண்டிலும் 3.5 மி.மீ. மைக் துளை உண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரியிலேயே இயங்கும். காலர் மைக் வாங்கும்போது அதன் செருகுமுனையைப் பாருங்கள்: கைபேசிக்கென்று விற்பவற்றில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும், ரெக்கார்டருக்கு இரண்டு வளையங்கள் உள்ளதுதான் பொருந்தும்.

ஒருமுறை ஒரு பாட்டியின் சேலையில் மைக்கை மாட்டிவிட்டு, ஹெட்போனில் கேட்டுப் பார்க்காமல் ஒன்றரை மணி நேரம் பதிவு செய்தேன். கழுத்துச் சங்கிலி மைக்கில் உரசிய சத்தம் கதை முழுவதும் கூடவே வந்தது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. ஹெட்போன் இல்லாமல் புறப்படாதீர்கள்.

கேள்வி (அதே மாணவி): எம்பி3 போதுமா? ஆட்டோ லெவல் வைக்கலாமா?

பதில்: ஆவணமாகப் பாதுகாக்க வேண்டியதை எம்பி3 போலச் சுருக்கப்படாத வேவ் கோப்பாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள், ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். பதிவின் அளவைக் கருவியே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ லெவலை அணைத்துவிடுங்கள். பேசுபவர் மூச்சு வாங்க நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அது மின்விசிறி இரைச்சலை மேலே தூக்கிவிடும். உரத்த பேச்சு கருவியின் திரையில் தெரியும் அளவுகோலில் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி அளவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): பட்டிமன்றத்தை மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து நேரடியாக எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் மேடை மைக்குகளில் விழுந்தது மட்டுமே அதில் வரும். அவையின் சிரிப்பும் கைதட்டலும் இல்லாத பட்டிமன்றம் உப்பில்லாத சாம்பார்தான். ஜூம் எச்5 போன்ற கருவியில் மிக்சரின் இணைப்பையும் கருவியின் சொந்த மைக்கையும் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பதியலாம். மிக்சரிலிருந்து வருவது மைக்கைவிடப் பல மடங்கு வலுவான ‘லைன்’ அளவு என்பதால், மைக்குக்கான கெயினிலேயே (ஒலியைப் பெருக்கும் அளவு) விட்டுவிட்டால் குரல் பிளந்து கேட்கும். ரெக்கார்டர் கம்பி வழியே மைக்குக்கு அனுப்பும் மின்சாரமான 48 வோல்ட் பேன்டம் பவர் அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): 32 பிட் ஃப்ளோட் கருவி அவசியமா?

பதில்: 32 பிட் ஃப்ளோட் என்பது மிக மெல்லிய ஒலியையும் மிக உரத்த ஒலியையும் ஒரே பதிவில் அடக்கும் முறை. திடீரென்று குரலை உயர்த்துபவரைத் தனியாளாகப் பதிவு செய்கிறீர்கள் என்றால் வசதிதான், அளவைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். எதிரொலியை அது நீக்காது. மைக்கே தாங்காமல் பிளந்த ஒலியையும் மீட்டுத் தராது.