பிரெப் மாத்திரை: விட்டு விட்டுப் போடலாமா?

கேள்வி: நான் தன்பாலீர்ப்புள்ள ஆண், வயது 27. சென்னையில் இருந்தபோது எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க பிரெப் மாத்திரையைத் தினமும் போட்டேன். இப்போது திருவண்ணாமலை பக்கம் கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறேன். தினமும் மாத்திரை போட்டால், ‘என்னடா வியாதி?’ என்பார்கள். உறவு என்பது மாதம் ஓரிரு முறை சென்னைக்குப் போகும்போது மட்டும்தான். அப்போது மட்டும் போட்டால் போதுமா?

பதில்: போதும், கணக்குப் பிசகாத வரை. டெனோஃபோவிர் 300 மி.கி., எம்ட்ரிசிடபின் 200 மி.கி. சேர்ந்த அதே மாத்திரைதான். உறவுக்கு 2 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இரண்டு போடுங்கள். அதிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48 மணி நேரத்தில் இன்னொன்று. சனிக்கிழமை மாலை 6 மணிக்கு இரண்டு என்றால், ஞாயிறு 6 மணிக்கு ஒன்று, திங்கள் 6 மணிக்கு ஒன்று. ஞாயிறு இரவும் உறவு இருந்தால் திங்களோடு நிறுத்தாதீர்கள். கடைசி உறவுக்குப் பிறகு இரண்டு நாள் போட்டாக வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: ஊருக்குத் திரும்பிய பிறகு வரும் அந்தக் கடைசி மாத்திரையில். பஸ் ஏறும்போதே அதைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு இந்த முறை ஆகாது. இதே மருந்து அந்தக் கிருமியையும் அடக்குவதால், போட்டும் நிறுத்தியும் விளையாடினால் கல்லீரல் வீங்கிவிடும். அந்தப் பரிசோதனையையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையையும் முதலில் பாருங்கள். முதுகுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்கை இதோடு அடிக்கடி சேர்த்தால் சிறுநீரகத்துக்குச் சுமை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். தொற்று இருப்பது தெரியாமல் இந்த இரு மருந்தை மட்டும் விழுங்கினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். உள்ளூரில் தெரிந்த முகம் இருக்குமோ என்ற தயக்கம் நியாயமானதே. பக்கத்து மாவட்டத்தில் எடுத்தாலும் அதே முடிவுதான். சிஃபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய்களை இந்த மாத்திரை தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

கேள்வி: நேற்றிரவு ஆணுறை கிழிந்துவிட்டது. நண்பரிடம் பிரெப் இருக்கிறது. வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம். நடந்த பிறகு தேவைப்படுவது பெப் சிகிச்சை: மூன்று மருந்து, 28 நாள். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொல்லிக் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் 1097-ஐக் கூப்பிடுங்கள், கட்டணமில்லை.