பற்சக்கரத்துக்கு ஒரு வேலை வேண்டும் – கடிதம்

வணக்கம் ஐயா,

கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். கல்லூரிக் கலைவிழாவில், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நீராவி எந்திரங்களைக் கற்பனையில் விரிக்கும் ஸ்டீம்பங்க் பாணியில் வேடமிட விரும்புகிறேன். இணையத்தில் விற்கும் ஆடைகளை வாங்க என்னால் இயலாது. அப்பாவின் பழைய கோட்டும் ஓடாத சுவர்க்கடிகாரமும் இருக்கின்றன. கோட்டில் பற்சக்கரங்களை ஒட்டிப் பார்த்தேன், ஏனோ பொருந்தவில்லை. பழைய பொருள்களைக் கொண்டு இதைச் சரியாகச் செய்ய முடியுமா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முடியும், பழைய பொருள்களே இந்த வேடத்துக்கு ஏற்றவை. நீங்கள் ஒட்டிய பற்சக்கரங்கள் பொருந்தாததற்குக் காரணம், அவை எதையும் சுழற்றவில்லை என்பதுதான். நீராவிக் கால எந்திரங்கள் பெரும்பாலும் தம் உறுப்புகளை மறைக்காமல் இயங்கியவை. அவற்றைக் கற்பனையில் நீட்டிக்கும் ஆடையிலும் ஒவ்வொரு குழாயும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பவரால் ஊகிக்க முடிய வேண்டும். ஆகவே, அந்த ஆடையை அணிபவர் என்ன தொழில் செய்கிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அத்தொழிலை லண்டன் வரை சென்று தேட வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் மலை ரயில் ஓடத் தொடங்கியது. கல்லாற்றுக்கு அப்பால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே, பற்கள் கொண்ட இரும்புச் சட்டமான பல்சட்டம் பதிக்கப்பட்டிருக்கிறது. இஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, 12 அடிக்கு 1 அடி உயரும் சரிவிலும் ஏறுகிறது. பெட்டிதோறும் ஒரு பிரேக்ஸ்மேன் இருந்து, இஞ்சினின் விசிலொலிக்கு ஏற்ப பிரேக்கை இயக்குகிறார். நீங்கள் அந்த பிரேக்ஸ்மேனாகவே வர வேண்டும் என்பது என் விருப்பம். கரிப்புகைக்குக் கண்ணாடி, பிரேக்கைப் பிடிக்கத் தோல் கையுறை, பச்சை சிவப்புக் கொடிகளைச் செருக இடுப்பில் ஓர் உறை, கழுத்தில் விசில் என எல்லாவற்றுக்கும் அப்போது காரணம் கிடைத்துவிடும். ஸ்டீம்பங்க் என்றதும் பலர் நினைக்கும் சீமாட்டி வேடத்தின் உயரத் தொப்பியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கோட்டின் கைகளை வெட்டி, உள்துணியை நீக்கினால் நம் வெயிலுக்கு ஏற்ற வெயிஸ்ட்கோட் ஆகிவிடும். உள்ளே அணியும் வெள்ளைச் சட்டை பருத்தியாக இருந்தால் கொதிக்கும் தேயிலை நீரில் ஊறவைத்துப் பழுப்பேற்றலாம். பாலியெஸ்டரில் அந்தச் சாயம் சரியாக ஏறாது. பித்தளை வால்வையும் பழைய அழுத்தமானியையும் பழைய இரும்புக் கடைகளில் தேடுங்கள். அழுத்தமானியின் உள்ளுறுப்புகளைக் கழற்றி, முகப்பையும் வளையத்தையும் மட்டும் வைத்துக்கொண்டால் மணிக்கட்டு அதன் எடையைத் தாங்கும். கடிகாரத்தை மட்டும் நீங்களே பிரிக்க வேண்டாம்; சாவி கொடுக்கும் வகையாக இருந்தால் சுருள்வில்லில் தேங்கிய இறுக்கம் விரலைக் கிழித்துவிடும் என்பதால், பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அதைத் தளர்த்தச் சொல்லுங்கள்.

மலை ரயிலின் பல்சட்டத்தைப் போன்ற ஒன்றை, செருப்புக்குப் பயன்படும் நுரைத் தகடான ஈவிஏ ஷீட்டில் வெட்டலாம். நீர் கலந்த ஃபெவிகாலை இரண்டு முறை பூசிக் காயவிட்டு, கறுப்பு அடித்து, அது காய்ந்தபின் பித்தளை நிறத்தை உலர்ந்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும் தேய்த்தால் பழைய உலோகம் போலவே தோன்றும். அச்சட்டத்தை முன்கை உறையில் பொருத்தி, கடிகாரச் சக்கரம் ஒன்றை அதன் பற்களோடு இணையும்படி அச்சில் நிறுத்துங்கள். சட்டத்தின் பற்களைச் சக்கரத்தின் பல்லிடைவெளியை அளந்து வெட்ட வேண்டும். இந்த வேடத்தில் அதிக நேரம் கேட்கும் வேலை இதுவே. சூடாக்கி ஒட்டும் பசை (ஹாட் குளூ) வெயிலில் இளகக்கூடும் என்பதால், எடை தாங்கும் இடங்களில் எல்லாம் ரிவெட் அடித்துவிடுங்கள்.