இண்டஸ்ட்ரியல் ஜோன்ல பிளாட் இருந்தா பெரிய டீசல் டேங்க் வச்சுக்கலாமா?

வாசகர் ஒருத்தர் லாரி ட்ரான்ஸ்போர்ட் நடத்தறார், சொந்த வண்டிங்களுக்கு டீசல் அடிக்க 40,000 லிட்டர் டேங்க் ஒண்ணு தரைக்கு மேல வைக்கணும்னு இண்டஸ்ட்ரியல் ஏரியால ஒரு பிளாட் பாத்திருக்கார். விக்கறவர் "இது இண்டஸ்ட்ரியல் ஜோன், என்ன வேணா வச்சுக்கலாம்"னு சொல்றாராம், பழைய டேங்க் ஒண்ணு ஏற்கனவே அங்க நிக்குதாம். பின்னாடி ஒரு சின்ன பெட்ரோல் டேங்கும் சேத்து பக்கத்து கம்பெனி வண்டிங்களுக்கும் ஊத்தலாம்னு யோசனை. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி என்னல்லாம் பாக்கணும்னு கேக்கறார்.

முதல்லயே சொல்லிடறேன், எழுத்துல பதில் வாங்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. விக்கறவர் பொய் சொல்றார்னு சொல்லல, ஆனா இண்டஸ்ட்ரியல் ஜோன்ங்கறது உங்க கேள்வியில பாதிக்குக்கூட பதில் இல்ல. ஜோனிங் ரூல் பாக்கறது இந்த நிலத்துல இந்த உபயோகம் இருக்கலாமாங்கறதை. அந்த டேங்க் எப்படி கட்டணும், எவ்ளோ தள்ளி நிக்கணும், யார் லைசென்ஸ் தரணும்ங்கறது ஃபயர் சேஃப்டி, எரிபொருள் லைசென்ஸ் தர்ற அதிகாரிங்க கையில இருக்கு. ரெண்டும் தனித்தனி வாசல், ஒண்ணுல ஓகே ஆனா இன்னொண்ணுல தானா ஓகே ஆயிடாது, நிறைய பேர் இங்கதான் பணத்தை மாட்டிக்கறாங்க. லைசென்ஸ் சைடுல எல்லாம் சரியா இருக்கும் ஆனா நகராட்சி "இந்த ஜோன்ல இந்த அளவுக்கு ஸ்டோரேஜ் கிடையாது"ன்னுடும், இல்லாட்டி நகராட்சி ஓகே சொல்லிடும் ஆனா பிளாட்டோட அகலத்துக்கு டேங்க் நிக்க வேண்டிய தூரமே கிடைக்காது.

இண்டஸ்ட்ரியல்னு எழுதியிருந்தாலும் அதுக்குள்ள பிரிவு இருக்கும். பெரும்பாலான ஊர்கள்ல லைட் இண்டஸ்ட்ரி, ஜெனரல் இண்டஸ்ட்ரி, அபாயகரமான தொழில்னு மூணு மாதிரி பிரிச்சிருப்பாங்க, பேர் ஊருக்கு ஊர் மாறும். லைட் இண்டஸ்ட்ரில பொதுவா எரியக்கூடிய திரவத்தை மொத்தமா வைக்கறதுக்கு ரொம்ப கம்மியான அளவுதான் விடுவாங்க, ஏன்னா அங்க பேக்கிங் யூனிட், தையல் யூனிட்னு ஆளுங்க நெருக்கமா வேலை செய்வாங்க. ஒவ்வொரு பிரிவுக்கும் நேரடியா அனுமதிச்ச உபயோகம், கண்டிஷனோட அனுமதிக்கற உபயோகம், கூடவே கூடாத உபயோகம்னு பட்டியல் இருக்கும். மொத்த எரிபொருள் ஸ்டோரேஜ் முக்கால்வாசி இடத்துல நடுவுல இருக்கற பட்டியல்லதான் வரும், அப்படின்னா அதிகாரிங்க உங்க கேஸை தனியா பாத்து, பக்கத்துக்காரங்களுக்கு நோட்டீஸ் விட்டு, ஆட்சேபம் கேட்டு அப்புறம்தான் முடிவு பண்ணுவாங்க. இதுக்கு மாசக்கணக்குல டைம் ஆகும்னு நெனச்சுக்கிட்டே பிளான் பண்ணுங்க.

இங்க உங்களுக்கு ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். சொந்த லாரிக்கு மட்டும் டீசல் வைக்கறது உங்க மெயின் தொழிலான ட்ரான்ஸ்போர்ட்டுக்கு துணை உபயோகமா கணக்காகலாம், அதுக்கு ரூல் கொஞ்சம் இளகும். பக்கத்து கம்பெனி வண்டிக்கு காசுக்கு ஊத்த ஆரம்பிச்ச நிமிஷமே அது எரிபொருள் விற்பனை, உபயோகமே மாறிடுது, பெர்மிஷன் வேற, லைசென்ஸ் வேற. சொந்த உபயோகம்னு வாங்கிட்டு அப்புறம் மெதுவா பாத்துக்கலாம்னு நினைக்காதீங்க, பக்கத்துல ஒருத்தர் புகார் குடுத்தா முதல்ல போறது ஏற்கனவே வாங்கின அந்த பெர்மிஷன்தான்.

அடுத்து என்ன எரிபொருள், எவ்ளோ. ரூல் எழுதறவங்க பாக்கறது ஃப்ளாஷ் பாயிண்ட், அதாவது எந்த சூட்டுல திரவத்து மேல நிக்கற ஆவி ஒரு பொறி பட்டா பத்திக்கும்ங்கறது. பெட்ரோலுக்கு அது மைனஸ் 40 டிகிரி பக்கம், அதனால எந்த ஊர்லயும் எந்த சீசன்லயும் பெட்ரோல் மேல பத்தக்கூடிய ஆவி நின்னுக்கிட்டேதான் இருக்கும். டீசலுக்கு ரொம்ப மேல, ஆனா நாட்டுக்கு நாடு வித்தியாசம், ஐரோப்பிய டீசலுக்கு குறைந்தபட்சம் 55 டிகிரி இருக்கணும், இந்தியாவுல அந்த குறைந்தபட்சம் 35 டிகிரிதான். அதனால வேற நாட்டு டேங்க் கம்பெனி வீடியோவ பாத்துட்டு "டீசலுக்கு ஒண்ணும் பயமில்ல, சின்ன தூரம் போதும்"னு முடிவு பண்ணாதீங்க, அவங்க சொல்ற டீசலும் உங்க டேங்க்ல இருக்கப்போறதும் ஃப்ளாஷ் பாயிண்டை வச்சு பிரிக்கற வகுப்புல ஒண்ணா வராம போகலாம்.

அளவு எண்ணறதுல ரெண்டு விஷயம் பலருக்கு தெரியறதில்ல. கணக்கு டேங்கோட கொள்ளளவுக்கு, உள்ள இருக்கற டீசலுக்கு இல்ல, "எப்பவும் பாதிதான் நிரப்புவேன்"ங்கறது எடுபடாது. அப்புறம் பிளாட் முழுக்க இருக்கற எல்லாத்தையும் கூட்டித்தான் பாப்பாங்க, ஜெனரேட்டர் டேங்க், மூலையில நிக்கற பேரல், ஆயில் ட்ரம் எல்லாம் சேரும், அதனால ஒரு பெரிய டேங்குக்கு பதிலா நாலு சின்ன டேங்க் வச்சா லிமிட்டுக்கு கீழ வந்துடலாம்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க. இந்தியாவோட 1934-ம் வருஷத்து பெட்ரோலியம் சட்டத்தையே எடுத்துக்குங்க, டீசல் வர்ற பி வகுப்புக்கு லைசென்ஸ் இல்லாம வச்சுக்கற வரம்பு ஒரு இடத்துல மொத்தம் 2,500 லிட்டர், அதுலயும் எந்த ஒரு பாத்திரமும் 1,000 லிட்டரை தாண்டக்கூடாதுன்னு சேத்தே எழுதியிருக்காங்க. 40,000 லிட்டர்ங்கறது அதுக்கு 16 மடங்கு. எந்த நாடா இருந்தாலும் நீங்க கேக்கற அளவு லைசென்ஸ் இல்லாம நடக்கற அளவு இல்லன்னு வச்சுக்கிட்டே மேல போங்க.

இப்ப தூரம். என்னைக் கேட்டா முழு விஷயமே இதுலதான் இருக்கு. பிளாட் வாங்கறவங்க சதுர அடி கணக்கு பாப்பாங்க, டேங்க் வைக்கறவங்க அகலம் பாக்கணும். டேங்க் சுவர்ல இருந்து எல்லைக்கோடு, பொது ரோடு, உங்க பிளாட்லயே இருக்கற ஆபீஸ், ஷெட், இன்னொரு டேங்க், டேங்கர் இறக்கற பாயிண்ட், மேல போற கரண்ட் லைன், இது ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி தூரம். அமெரிக்காவுல நிறைய ஊர் அப்படியே எடுத்துக்கற, எரியக்கூடிய திரவங்களுக்கான என்எஃப்பிஏ 30ங்கற பாதுகாப்பு கோட்ல 12,000 கேலன், அதாவது சுமாரா 45,000 லிட்டர் வரைக்குமான டேங்குக்கு எல்லைக்கோட்டுல இருந்து அடிப்படை தூரம் 15 அடி, டேங்க் என்ன மாதிரி, பக்கத்துல தீயணைப்பு வசதி இருக்கா இல்லையாங்கறதை வச்சு அது கூடும் குறையும். உங்க ஊர் டேபிள் வேற நம்பர் சொல்லலாம், ஆனா டேங்க் பெருசாக ஆக தூரமும் பெருசாகும்ங்கறது எங்கயும் மாறாது. அதனால ஒரு பேப்பர்ல பிளாட்டை ஸ்கேலுக்கு வரைஞ்சு எல்லா பக்கமும் அந்த தூரத்தை உள்ள தள்ளி கோடு போடுங்க, நடுவுல மிச்சம் இருக்கற இடத்துல டேங்க், அதை சுத்தின தடுப்பு சுவர், லாரி திரும்பற இடம் எல்லாம் அடங்குதான்னு பாருங்க. நீளமா ஒல்லியா இருக்கற பிளாட்டுல ஏக்கர் கணக்கு இருந்தாலும் பல சமயம் அடங்காது.

இந்த தூரம் உங்க எல்லைக்குள்ளயே கிடைக்கணும். பக்கத்து பிளாட் இப்ப காலியா கிடக்குதுன்னு அதை உங்க பாதுகாப்பு இடமா எண்ணக்கூடாது, நாளைக்கு அவர் எல்லைய ஒட்டி ஷெட் கட்டுவார், அது அவர் உரிமை.

ஏன் இவ்ளோ கறாரா இருக்காங்கன்னு கேட்டா, 2005 டிசம்பர் 11-ம் தேதி இங்கிலாந்துல பன்ஸ்ஃபீல்டு எண்ணெய் டெப்போல நடந்ததை சொல்லணும். பைப்லைன்ல பெட்ரோல் ஏறிக்கிட்டே இருந்த டேங்க்ல எவ்ளோ நிரம்பியிருக்குன்னு காட்டற லெவல் கேஜ் மாட்டிக்கிச்சு, கடைசி பாதுகாப்பா இருந்த தனி ஸ்விட்சும் வேலை செய்யல, டேங்க் வழிஞ்சு அந்த ஆவி மேகமா எல்லைய தாண்டி பரவி வெடிச்சது. 43 பேருக்கு காயம், யாரும் சாகல, ஏன்னா அது ஞாயித்துக்கிழமை விடியக்காலை ஆறு மணி, ஒட்டி இருந்த தொழிற்பேட்டைல ஆள் ரொம்ப கம்மி. 1968-ல டெப்போ ஆரம்பிச்சப்புறம் வருஷா வருஷம் அதை நெருங்கி கட்டடங்க வந்துக்கிட்டே இருந்திருக்கு. அதுக்கப்புறம்தான் அந்த மாதிரி பெரிய பெட்ரோல் டெப்போல இருந்து 150 மீட்டருக்குள்ள ஆள் வழக்கமா இருக்கற எந்த கட்டடமும் வேண்டாம்னு அங்க பிளானிங் ஆலோசனையையே மாத்தினாங்க. நாலு வருஷம் கழிச்சு, 2009 அக்டோபர் 29, ஜெய்ப்பூர் சீதாபுரா இண்டஸ்ட்ரியல் ஏரியா டெப்போ, அங்கயும் பெட்ரோல்தான், கசிய ஆரம்பிச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவி பரவினப்புறம் வெடிச்சு உயிர் போச்சு, நாள்கணக்குல எரிஞ்சது. உங்க 40,000 லிட்டர் டீசலை இதுங்களோட ஒண்ணா வைக்கல, டீசல் ஆவி சாதாரண சூட்டுல அப்படி மேகம் கட்டாது. ஆனா ரூல் ஏன் பெட்ரோலை தனியா பாக்குது, ஏன் உங்க எல்லைக்கு வெளிய இருக்கறவனையும் கணக்குல எடுக்குதுன்னு இது ரெண்டையும் பாத்தா புரியும். அந்த வெளிய இருக்கறவன் டெய்லி உங்க சுவருக்கு அந்தப் பக்கம் வேலைக்கு வர்ற ஆளு, உங்க டேங்க் பத்தி அவனை யாரும் கேக்கல.

தடுப்பு சுவர் விஷயத்துல எல்லாரும் சொல்ற நம்பர் 110 சதவீதம், அதாவது பெரிய டேங்க் முழுசா ஒடஞ்சு கொட்டினாலும் சுவருக்குள்ள நின்னு அதுக்கு மேல 10 சதவீதம் இடம் இருக்கணும். உங்களுக்கு அது 44,000 லிட்டர், உள்பக்கம் ஒரு மீட்டர் உயரத்துக்கு சுவர் கட்டினா 44 சதுர மீட்டர் தரை போயிடும். நல்லா மழை பெய்யற ஊரா இருந்தா இதையும் பாருங்க, அந்த கூடுதல் 4,000 லிட்டர் இடம் 9 சென்டிமீட்டர் மழையிலயே நிரம்பிடும். அதனால மேல ஷெட் போடறதோ சுவரை இன்னும் உயர்த்தறதோ நல்லது. தண்ணிய வெளிய விடற வால்வு சுவருக்கு வெளிய இருக்கணும், எப்பவும் மூடியே இருக்கணும், தொறக்கறப்ப ஒரு ஆள் பக்கத்துல நின்னு எண்ணெய் படலம் இருக்கான்னு பாத்துட்டு தொறக்கணும், தொறந்து போட்டு மறந்த வால்வு இருந்தா சுவர் இருந்தும் இல்லாத மாதிரிதான். பின்னாடி ரெண்டாவது டேங்கையும் அதே சுவருக்குள்ள வைக்கறதா இருந்தா, அந்த டேங்க் அடைக்கற இடத்தை கொள்ளளவுல இருந்து கழிச்சுக்கணும், டிராயிங்ல இதை விட்டுட்டுத்தான் பலர் திரும்ப அலையறாங்க.

டேங்கர் லாரி இறக்கற இடத்தை பத்தி யாருமே கேள்வி கேக்கறதில்ல, ஆனா ஹோஸ் கழண்டு சிந்தறதும் ஓவர்ஃபில் ஆகறதும் அங்கதான். அந்த தரையும் கான்கிரீட்டா, சரிவு உள்பக்கமா இருக்கணும், லாரி உங்க பிளாட்டுக்குள்ளயே நின்னு இறக்கிட்டு ரிவர்ஸ் எடுக்காம முன்னாடி பாத்தே ரோட்டுக்கு போகற மாதிரி வழி வச்சிருந்தா பெர்மிஷன் வாங்கறதும் ஈஸி.

மேப்ல ஜோன் கலர் மட்டும் பாக்காதீங்க, அது மேல வேற கட்டுப்பாடு படிஞ்சிருக்கலாம். வெள்ளம் வர்ற பகுதி, குடிதண்ணி கிணறு பாதுகாப்பு பகுதி, ஏர்போர்ட் சுத்துவட்டம், ஸ்கூல், ஆஸ்பத்திரில இருந்து இத்தனை மீட்டர்னு. வெள்ளப்பகுதில ஆபத்து டீசல் நனையறது இல்ல, டேங்க் மிதக்கறது. காலியா இருக்கற 40,000 லிட்டர் டேங்க் முழுசா முங்கினா தண்ணி அதை 40 டன் விசையோட மேல தூக்கும், டேங்கோட சொந்த எடை அதுல ஒரு சின்ன பங்குதான், அஸ்திவாரத்தோட கட்டலன்னா பைப்பை எல்லாம் பிச்சுக்கிட்டு போயிடும்.

அந்த பழைய டேங்க். அது நிக்கறதால உங்களுக்கு உரிமை வந்துடுதுன்னு நினைக்காதீங்க. ரூல் வர்றதுக்கு முன்னாடி சட்டப்படி இருந்த உபயோகத்தை பல ஊர்ல தொடர விடுவாங்க, ஆனா பெருசாக்க விடமாட்டாங்க, நடுவுல ரொம்ப நாள் நிறுத்தி வச்சிருந்தா அந்த சலுகை போயிடும். அது கடைசியா எப்ப ஓடிச்சு, என்ன லைசென்ஸ், எவ்ளோ அளவுக்குன்னு பேப்பர் கேளுங்க. பேப்பர் இல்லன்னா அது உங்களுக்கு சொத்து இல்ல, செலவு, ஏன்னா அடியில மண்ணுல எண்ணெய் இறங்கியிருந்தா சுத்தம் பண்ற பொறுப்பு பல இடங்கள்ல வாங்கினவர் தலைலயும் வரும். மண் டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு அந்த ரிசல்ட்டை வச்சுக்கிட்டே விலை பேசுங்க.

முதல்ல நகராட்சி பிளானிங் பிரிவுக்கு ஒரு லெட்டர், அதுல சர்வே நம்பர், டீசல், 40,000 லிட்டர் கொள்ளளவு, தரைக்கு மேல, சொந்த வண்டிக்கு மட்டும்னு தெளிவா எழுதி, இது எந்த உபயோகப் பிரிவுல வருது, நேரடி அனுமதியா கண்டிஷன் அனுமதியான்னு கேட்டு பதிலை எழுத்துல வாங்குங்க. கவுண்டர்ல ஒருத்தர் வாயால சொன்னது நாளைக்கு நிக்காது. அதே வாரத்துல ஸ்கேல் டிராயிங்கை எரிபொருள் லைசென்ஸ் ஆபீஸ்லயும் ஃபயர் ஆபீஸ்லயும் காட்டி தூரம் சரியான்னு கேளுங்க. சீக்கிரம் முடிக்கணும்னா அக்ரிமெண்ட்ல "அனுமதி கிடைக்கலன்னா அட்வான்ஸ் திரும்ப"ன்னு ஒரு வரி சேருங்க, விக்கறவருக்கு அவர் சொன்னதுல நம்பிக்கை இருந்தா ஒத்துக்குவார். டேங்க் ஆர்டர் குடுக்கறது எல்லாத்துக்கும் கடைசிலதான்.

பெட்ரோல் டேங்க் பத்தி கேட்டீங்க. வைக்கப்போறது நிச்சயம்னா முதல் டிராயிங்லயே அதையும் போட்டு கேட்டுடுங்க, ஏன்னா பெட்ரோல் சேந்தா தூரமும் மாறும், கரண்ட் ஃபிட்டிங்கும் மாறும், டீசலுக்குன்னு போட்ட சாதாரண மோட்டாரும் ஸ்விட்சும் அந்த பக்கத்துல இருக்கவே கூடாது. நிச்சயம் இல்லன்னா விட்டுடுங்க, இந்த பிளாட்டுக்கு டீசல் மட்டும் கேக்கறதுதான் நடக்கற காரியம்.