வெறும் அரிப்புக்காக மருத்துவரிடம் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. மூன்று மாதங்களாக விரலிடுக்குகளிலும் இடுப்பைச் சுற்றியும் அரிப்பு; இரவில் தூக்கமே இல்லை. இப்போது மகளுக்கும் வந்துவிட்டது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினால் சில நாள் அடங்கி, மறுபடி கிளம்புகிறது. வெறும் அரிப்புக்காக மருத்துவரிடம் போகக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது? - ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்து மக்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட முடிவுகளில், மக்கள் மருத்துவரை நாடிய காரணங்களுள் தோல் கோளாறுகளே முதலிடத்தில் இருந்தன. மூட்டுவலியும் முதுகுவலியும்கூட அவற்றுக்குப் பின்னால்தான் வந்தன. ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் அரிப்பை வாழ்நாளில் ஒருமுறையேனும் அனுபவித்தவர்கள் சுமார் 22 சதவீதம் என்று ஜெர்மனியில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. ஆகவே, உங்களை எந்த மருத்துவரும் விநோதமாகப் பார்க்கப் போவதில்லை.

நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய முடியாது என்றாலும், இரவில் கூடுவது, விரலிடுக்கில் இருப்பது, வீட்டில் இன்னொருவருக்கும் பரவியிருப்பது ஆகிய மூன்றும் சேரும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது சிரங்கைத்தான். தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் மிகச் சிறிய உண்ணி ஒன்றால் இது வருகிறது; குளிக்காததால் வருவதன்று. உலகில் எந்த நேரத்திலும் 20 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

எனக்குக் கவலை தருவது அந்தக் களிம்புதான். அதில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். அது அரிப்பையும் சிவப்பையும் தற்காலிகமாக அடக்குமே தவிர உண்ணியைக் கொல்லாது; படர்தாமரையாக இருந்தால் பூஞ்சை மேலும் பரவ இடங்கொடுத்து, அதன் தோற்றத்தையே மாற்றி மருத்துவரையும் குழப்பிவிடும். அதை இன்றே நிறுத்துங்கள். ஆனால் குழாயைத் தூக்கியெறியாமல் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சிரங்கு என்று உறுதியானால் பெரும்பாலும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பை எழுதித் தருவார்கள். அதைக் கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் இரவில் தடவிக் காலையில் கழுவி, ஒரு வாரம் கழித்து மறுபடியும் தடவ வேண்டியிருக்கும். அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் சிகிச்சை எடுக்காவிட்டால், குணமானவருக்கே அது திரும்ப வரும். அன்றே துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

தோலில் எதுவும் தென்படவில்லையென்றால் கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, இரும்புச்சத்து ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளை மருத்துவர் கேட்கலாம், மறுக்காமல் செய்துகொள்ளுங்கள். உண்ணி அழிந்த பின்னும் சில வாரங்கள் அரிப்பு நீடிப்பது உண்டு. நான்கு வாரங்களைத் தாண்டியும் தணியாவிட்டால் தோல் மருத்துவரை மீண்டும் பாருங்கள்.