டிகிரி வாங்கியாச்சு, பணம் எங்கே?

காரைக்குடியில் வியாபாரிகள் சிலர் கூடி, கோர்ட்டில் டிகிரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை, வாங்கி ஜெயித்தும் பணம் வராதவர்களின் கேள்விகளை என்னிடம் கொடுத்தார்கள். நான் சிவில் கோர்ட்டில் அமீனாவாக, அதாவது கோர்ட் உத்தரவை நேரில் போய் நிறைவேற்றும் ஊழியராகச் சேர்ந்து, அமீனாக்களை மேற்பார்க்கும் நாசராக ஓய்வு பெற்றவன். வக்கீல் அல்ல. ஜப்தி வாரண்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் கேஸ் கட்டை உங்கள் வக்கீலிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

பள்ளத்தூர், சிமெண்ட் கம்பிக் கடை: வீடு கட்டும் மேஸ்திரி ஒருவர் மேல் 4,20,000 ரூபாய்க்கு டிகிரி ஆகி ஒன்றரை வருஷம். கோர்ட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லையே?

வராது அண்ணே. நீங்கள் கேட்காமல் கோர்ட் வசூலுக்குக் கிளம்பாது. நிறைவேற்று மனு, அதாவது இ.பி., போட வேண்டும். இரண்டு வருஷம் தாண்டிவிட்டால் முதலில் அவருக்கு நோட்டீஸ் போய், அதற்கு வாய்தாக்கள் ஓடும். அதற்குள் போட்டுவிடுங்கள்.

இ.பி.யில் "அவருக்கு ஊரில் சொத்து இருக்கிறது" என்று எழுதினால் போதாது. சர்வே எண், நான்கெல்லை, கதவு எண் எல்லாம் வேண்டும். இடத்தை அடையாளம் காட்ட ஆளில்லாமல் நானே வாரண்டைத் திருப்பியிருக்கிறேன். ஜெயித்தவர் மறுபடி முதலிலிருந்து அலைவார். பார்க்கவே கஷ்டமாக இருக்கும். சொத்தைத் தேடுகிற வேலை உங்களுடையது. பத்திர ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். அவர் எப்போதாவது உங்களுக்குச் செக் கொடுத்திருந்தால் அதன் நகலில் பேங்கும் கணக்கு எண்ணும் இருக்கும். இப்போது அவர் யாருக்கு வீடு கட்டுகிறார் என்று விசாரியுங்கள். அந்த வீட்டுக்காரர் மேஸ்திரிக்குத் தரவேண்டிய பில் பணத்தையே கோர்ட்டில் கட்டச் சொல்லி உத்தரவு வாங்கலாம். மேஸ்திரி, கான்ட்ராக்டர் விஷயத்தில் எனக்குத் தெரிந்து வேகமாகப் பணம் வருகிற வழி இதுதான். ஏனோ பலரும் இதைக் கேட்பதே இல்லை.

ஒன்றுமே பிடிபடவில்லையா? டிகிரியாகி 30 நாள் கழிந்தும் பணம் கட்டாதவரை, தன் சொத்து விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்யச் சொல்ல சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 21 விதி 41-இல் இடமுண்டு. உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை சிவில் சிறை.

ஆத்தங்குடி, தளக்கல் பட்டறை: எனக்குத் தரவேண்டியவர் அரசுப் பள்ளி ஆசிரியர். சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம்?

முதல் 1,000 ரூபாயைத் தொடக்கூடாது. மீதியில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு, ஒரு பங்கு உங்களுக்கு. கணக்கில் சேரும் சம்பளம் 46,000 என்றால், 45,000-இல் மூன்றில் ஒன்று, மாதம் 15,000. அரசு விலக்கு அளித்த படிகள் இந்தக் கணக்கில் சேராது. ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதம்தான் பிடிக்கலாம், அதாவது 3,60,000. அதற்கு மேல் பாக்கி இருந்தால் வேறு வழி பார்க்க வேண்டும். அவர் ஓய்வு பெறும் தேதியை இன்றைக்கே விசாரித்து வையுங்கள். அரசு பென்ஷன், கிராஜுவிட்டி, பி.எஃப். எதையும் ஜப்தி செய்ய முடியாது.

கண்டனூர், ஆச்சி ஒருவர்: புரோநோட்டுக் கடன். கடன்காரருக்கு இருப்பது பூர்வீக வீட்டில் பங்கு மட்டும். ஒன்பது புள்ளிக்கு, அதாவது ஒன்பது பங்காளிக் குடும்பத்துக்குப் பொது. அதை ஏலம் போட முடியுமா?

முடியும் ஆச்சி, ஆனால் நம் பக்கத்து வீடுகளின் சங்கடம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஏலத்துக்கு வருவது அவருடைய பிரிபடாத பங்கு மட்டும். எடுத்தவர் சாவி வாங்கிக்கொண்டு முகப்பில் வந்து உட்கார முடியாது. பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும். அப்படிப் போட்டால், மற்ற பங்காளிகள் "நாங்களே விலை கொடுத்து எடுத்துக்கொள்கிறோம்" என்று கேட்க 1893-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் நான்காம் பிரிவில் உரிமை இருக்கிறது. இதெல்லாம் தெரிந்த வெளியாள் ஏலத்துக்கு வரமாட்டார், வந்தாலும் அடிமாட்டு விலைதான் கேட்பார்.

அதனால் ஜப்தி உத்தரவு ஆனதும் ஒவ்வொரு பங்காளி வீட்டுக்கும் ஆள் அனுப்புங்கள். சென்னையில் இருப்பவருக்கும் மலேசியாவில் இருப்பவருக்கும் தகவல் போகட்டும். ஐயாக்கள் படைப்பு வைத்துக் கும்பிட்ட வீட்டில் அந்நியர் பங்கு ஏறுவதை யாரும் விரும்பமாட்டார்கள். வாசலில் தண்டோரா போட்ட மறுநாளே பங்காளிகள் கூடிப் பணம் புரட்டியதை நான் பார்த்திருக்கிறேன். ஏலம் முடிந்த பிறகும் வழி அடைபடுவதில்லை. 60 நாளுக்குள் டிகிரித் தொகையையும், எடுத்தவருக்கு ஏலத்தொகையில் நூற்றுக்கு ஐந்தும் கோர்ட்டில் கட்டினால் ஏலம் ரத்தாகும். நீங்களே ஏலம் கேட்க நினைத்தால் கோர்ட்டில் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும்.

இன்னொன்று. பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் ராத்திரியோடு ராத்திரியாகப் பழம்பொருள் கடைக்குப் போய்விடும். அந்தப் பயம் இருந்தால் இ.பி.யோடு சேர்த்து ரிசீவர், அதாவது சொத்தைப் பாதுகாக்கக் கோர்ட் வைக்கும் ஆள், நியமிக்கவும் கேளுங்கள். வீட்டை இன்றைக்கு உள்ளபடி போட்டோ எடுத்து வையுங்கள்.

தேவகோட்டை, அரிசி மண்டி: காசு இருந்தும் தராமல் அலைக்கழிக்கிறான். பிடித்து உள்ளே போட முடியாதா?

முடியும், ஆனால் காசு இருக்கிறது என்று நீங்கள் காட்ட வேண்டும். இல்லாதவனைக் கடனுக்காகச் சிறையில் அடைப்பது தகாது என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி கிருஷ்ணய்யர் வழியாகத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சொத்தை மறைத்தார், பேர் மாற்றினார், கையில் வசதி வந்தும் கட்டவில்லை என்பதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். பணக் கடனுக்காகப் பெண்களைக் கைது செய்யவே கூடாது. சிறை அதிகபட்சம் மூன்று மாதம். சாப்பாட்டுப் படியை நீங்கள்தான் கட்ட வேண்டும். வெளியே வந்த பிறகும் கடன் நிற்கும், ஆனால் அதே டிகிரிக்கு மறுபடி கைது செய்ய முடியாது.

கைது வாரண்டோடு போன வீடுகளில் குழந்தைகள் முகத்தை நான் மறக்கவில்லை தம்பி. உண்மையில் வசதி உள்ளவன் மேல் மட்டும் இதைக் கேளுங்கள்.

புதுவயல், மில் சொந்தக்காரர்: கேஸ் நடக்கும்போதே நிலத்தை மச்சான் பேருக்கு எழுதிவிட்டார்.

ஜப்திக்குப் பிறகு எழுதியிருந்தால் அந்தக் கிரயம் உங்களைக் கட்டுப்படுத்தாது. முன்பே எழுதியிருந்தால், கடன்காரர்களை ஏமாற்றச் செய்த கிரயம் என்று சொத்துரிமை மாற்றச் சட்டம் 53-ஆம் பிரிவில் வழக்காட வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும். கேஸ் போடும் நாளிலேயே தீர்ப்புக்கு முந்திய ஜப்தி கேட்டிருந்தால் இந்த அவதியே இல்லை. இனி வழக்குப் போடப் போகிறவர்களாவது இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூர்: என் மகன் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் பணத் தீர்ப்பு வாங்கியிருக்கிறான். எதிராளிக்குச் சொத்து இங்கேதான். மறுபடி வழக்கா?

வேண்டாம். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், 2020 முதல் அமீரகம் ஆகிய நாடுகளின் குறிப்பிட்ட கோர்ட்டுகள் கொடுத்த பணத் தீர்ப்பை இங்கே மாவட்ட கோர்ட்டில் நேரே நிறைவேற்றலாம். சான்றிட்ட நகலோடு, இதுவரை எவ்வளவு வசூலானது என்ற சான்றையும் அந்தக் கோர்ட்டிலிருந்தே வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். காலக்கெடு அந்த நாட்டுச் சட்டப்படி.

காரைக்குடி, ஒரு பெண்மணி: நான் கடன்பட்டவள். இட்லிக்கடை வைத்திருக்கிறேன். போன மாதம் 80,000 ரொக்கமாகக் கொடுத்தேன். இப்போது முழுத்தொகைக்கும் இ.பி. போட்டிருக்கிறார்.

பயப்படாதீர்கள் அம்மா, ஆனால் தாமதிக்காதீர்கள். கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணம் கோர்ட்டில் பதிவானால்தான் இ.பி.யில் கணக்கில் சேரும். அதற்கு நீங்கள் மனுப் போட, பணம் கொடுத்த நாளிலிருந்து 30 நாள்தான் கெடு. அவர் கையெழுத்துப் போட்ட ரசீது இருந்தால் எடுத்துக்கொண்டு நாளைக்கே வக்கீலைப் பாருங்கள். இனிமேல் கொடுப்பதைக் கோர்ட்டிலோ பேங்க் வழியாகவோ கட்டுங்கள். தாலியை, வீட்டுச் சமையல் பாத்திரத்தை, படுக்கையை யாரும் எடுக்க முடியாது. அமீனா கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள்.

காளையார்கோவில்: என் அப்பா வாங்கிய டிகிரி பீரோவில் கிடந்தது. தேதியைப் பார்த்தால் 11 வருஷம் 10 மாதம் ஆகிவிட்டது. எதிராளியும் இறந்துவிட்டார். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். கெடு 12 வருஷம், உங்களுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. எதிராளி விட்டுப்போன சொத்து வாரிசுகள் கையில் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு அவர்கள் பொறுப்பு. பிள்ளைகள் சொந்தமாகச் சம்பாதித்ததைத் தொட முடியாது. அப்பாவுக்கு வரவேண்டிய கடனுக்குக் கோர்ட் தரும் வாரிசுரிமைச் சான்று, டிகிரி நகல், எதிராளியின் வாரிசுகள் பெயர், முகவரி இவற்றைச் சேகரியுங்கள். அந்தச் சான்று தாமதமானாலும் அதற்காக இ.பி.யை நிறுத்தி வைக்காதீர்கள். தாமதத்தை மன்னிக்கச் சொல்லும் மனு இ.பி.க்குக் கிடையாது. கெடு ஒரு நாள் தாண்டினாலும் அந்த டிகிரி வெறும் காகிதம். திங்கட்கிழமை காலையிலேயே போய்விடுங்கள் தம்பி.