15 நிமிட யோகா போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈரோட்டில் வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 38. இரண்டு பிள்ளைகள், மாமியாரும் எங்களோடுதான். போன வருடம் மூன்று மாதம் யோகா வகுப்புக்குப் போனதில் முதுகு வலி நன்றாகக் குறைந்தது. வகுப்பு முடிந்தபின் வீட்டில் தொடர முடியவில்லை. காலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் செய்து பார்த்தேன், பத்து நாளில் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சேர்த்துச் செய்தால் திங்கள் முழுக்க உடம்பு வலி. சூரிய நமஸ்காரத்தில் மணிக்கட்டு வேறு வலிக்கிறது. "வீட்டு வேலையே யோகாதானே" என்கிறார் அத்தை. 15 நிமிடம் மட்டும் செய்தால் பலன் உண்டா? பிராணாயாமமும் சேர்க்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

தினமும் நடக்கும் என்றால் 15 நிமிடம் தாராளமாகப் போதும். வகுப்பின் ஒரு மணி நேரத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவரப் பார்த்ததுதான் சரிப்படவில்லை. 1930களில் மைசூர் அரண்மனையில் இளைஞர்களுக்குக் கற்பித்த யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், பிற்காலத்தில் சென்னையில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, அவரவர் உடம்புக்கும் அன்றாடத்துக்கும் தகுந்தபடி சில ஆசனங்களை மட்டும் கொடுத்தார். வீட்டுப் பயிற்சிக்கு அந்த வழிதான் ஏற்றது.

நாலரை மணியை விட்டுவிடுங்கள். பதினொன்றுக்குப் படுப்பவர் அந்நேரத்துக்கு எழுந்தால் தூக்கம் ஐந்தரை மணி நேரம்தான், உடம்பு பத்து நாளுக்கு மேல் ஒத்துழைக்காது. அதோடு, இரவெல்லாம் படுத்திருந்ததில் முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்தவுடன் ஆழமாகக் குனிவது முதுகு வலிக்காரர்களுக்கு நல்லதல்ல. தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு பயிற்சியை ஒட்டிவையுங்கள். உங்களுக்கு, அலுவலகம் விட்டு வந்து முகம் கழுவியதும் என்று வைத்துக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று, நான்கு மணி நேரம் கடந்திருக்கும், வயிறு காலியாக இருக்கும். காபியைப் பயிற்சிக்குப் பிறகு குடியுங்கள்.

அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டுப் பாயை விரிக்காதீர்கள். மூன்றாவது விசில் வரும்வரை காது அடுப்படியில்தான் இருக்கும், மூச்சைக் கவனிக்கவே முடியாது. அந்த 15 நிமிடம் குக்கர், வாசல் மணி, போன் எல்லாம் உங்கள் கணவர் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொள்ள வையுங்கள். அவராகப் புரிந்துகொள்வார் என்று விட்டுவைத்தால் நடக்காது.

அத்தை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வீட்டு வேலையில் உழைப்பு உண்டு, வியர்வையும் உண்டு. ஆனால் பெருக்குவது, துலக்குவது, காய் நறுக்குவது, ஸ்கூட்டி ஓட்டுவது, வங்கியில் கணினி முன் உட்காருவது எல்லாமே முன்பக்கம் குனிகிற வேலை. நாளெல்லாம் குனிந்த உடம்புக்கு நிமிர்கிற அசைவு வேண்டும். அதனால் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிகிற பச்சிமோத்தானாசனத்தை விட்டுவிட்டு, மார்பைத் திறக்கிறவற்றைச் செய்யுங்கள்.

முதலில் சக்கரவாகாசனம், 6 முறை. தவழும் நிலையில் நில்லுங்கள். மூச்சை இழுத்தபடி மார்பை முன்னால் நீட்டுங்கள். மூச்சை விடும்போது முதலில் அடிவயிறு உள்ளே போகட்டும், பிறகு இடுப்பு குதிகாலை நோக்கிப் பின்னால் போகட்டும். எந்த அசைவுக்கும் விதி ஒன்றுதான். மூச்சு தொடங்கி ஒரு நொடி கழித்து அசைவு தொடங்க வேண்டும், மூச்சு முடிவதற்கு ஒரு நொடி முன்பே அசைவு நின்றுவிட வேண்டும். அவசரத்தில் இதுதான் முதலில் கெடும். கை கால் முன்னால் ஓடும், மூச்சு பின்னால் துரத்தும். அப்படியானால் அசைவைச் சின்னதாக்குங்கள், மூச்சைக் குறைக்காதீர்கள்.

அடுத்து எழுந்து நின்று, இழுக்கும் மூச்சில் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, விடும் மூச்சில் இறக்குங்கள், 6 முறை. தோள் காது வரை ஏறினால் முழங்கையைக் கொஞ்சம் மடக்குங்கள். பிறகு குப்புறப் படுத்து, பாம்பு படமெடுப்பது போல மார்பைத் தூக்கி இறக்கும் புஜங்காசனம், 6 முறை. தொப்புள் தரையை விட்டு எழ வேண்டாம். கையால் தள்ளி உயர எழும்பினால் வளைவு முழுக்க இடுப்பில் விழும், அதுதான் மறுநாள் வலி. மல்லாந்து திரும்பி, முழங்காலை மடித்துப் பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்கி இறக்குவது 6 முறை. கடைசியில் முழங்கால்களைப் பிடித்து, விடும் மூச்சில் வயிற்றருகே கொண்டுவருவது 8 முறை. பின்னால் வளைந்த முதுகைச் சமன்செய்வது இது, இதை விடக் கூடாது.

ஒரு மூச்சுக்குப் பத்து நொடி என்றால் இவ்வளவும் ஆறு நிமிடத்துக்குள் முடியும். மிச்ச நேரம் படுத்தபடியே மூச்சுப் பயிற்சிக்கும், அசையாமல் படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்துக்கும். நேரம் போதாத நாளில் ஆசனங்களில் இரண்டைக் குறையுங்கள், சவாசனத்தைக் குறைக்காதீர்கள். மின்விசிறியை மெதுவாக வைத்து ஒரு துண்டைப் போர்த்திக்கொள்ளுங்கள். வியர்வை காயும்போது குளிர்ந்தால் தசை திரும்ப இறுகிவிடும். பிள்ளைகள் மேலே ஏறி விளையாடினால் ஆசனத்தை அவர்கள் முன்னாலேயே முடித்துவிட்டு, மூச்சையும் சவாசனத்தையும் அவர்கள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். இரண்டாகப் பிரிப்பதில் குறை ஒன்றுமில்லை.

பிராணாயாமம் என்றதும் பலர் திருமூலரின் கணக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள்: இழுக்க 16, நிறுத்த 64, விட 32. அது குருவின் பக்கத்தில் இருந்து வருடக்கணக்கில் பழகியவர்களுக்கு. நீங்கள் 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள், 12 சுற்று போதும், நிறுத்தவே வேண்டாம். விடும் மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும்.

ஞாயிற்றுக்கிழமை சேர்த்துச் செய்வதை உடனே நிறுத்துங்கள். ஆறு நாள் பட்டினி கிடந்துவிட்டு ஏழாம் நாள் விருந்து சாப்பிடுவது போல அது. விட்ட நாட்களுக்குக் கடன் அடைக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் விட்டுப்போனால் எண்ணிக்கையைப் பாதியாக்கித் தொடங்கி, மூன்று நாளில் பழைய அளவுக்கு வாருங்கள். மாதவிடாய் நாட்களில் படுத்துச் செய்பவை மட்டும் போதும். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமோ கண் நீர் அழுத்த நோயோ இருந்தால் தலை கீழாகப் போகும் எதுவும் கூடாது.

மணிக்கட்டு வலிக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளங்கையின் அடிப்பகுதியில் மட்டும் எடை விழுவது. விரல்களை விரித்து, விரல் அடிக்கணுக்களால், முக்கியமாக ஆள்காட்டி விரலின் கணுவால், தரையை அழுத்துங்கள். மெத்தென்ற தடிமனான பாயில் கை அமிழ்ந்து மணிக்கட்டு கூடுதலாக வளையும். 4 மில்லிமீட்டர் பாயோ, வழுக்காத தரையில் இரண்டாக மடித்த ஜமுக்காளமோ மேல். கட்டிலில் வேண்டவே வேண்டாம். வலி இருக்கும்வரை சூரிய நமஸ்காரத்தை நிறுத்திவைத்து, சக்கரவாகாசனத்தைக் கை முஷ்டியை ஊன்றிச் செய்யுங்கள். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் அது நரம்பு அழுத்தமாக இருக்கலாம். கையில் எடை போடும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.